'உங்க சாமி' என்று மகன் சொல்லும்போது

கேள்வி: வணக்கம் மேடம். சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன், வயது 45. சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்த என் கணவர் சென்ற ஆண்டு இறந்துவிட்டார். ஒரே மகன், வயது 20, இன்ஜினியரிங் படிக்கிறான். 'நம்ம முருகன், நம்ம சாமி' என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. அவன் அப்பா முடியாமல் இருந்தபோது யாரும் சொல்லாமலே 48 நாள் விரதம் ஆரம்பித்தான், ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குக்கூட வெறுங்காலோடு போய் வந்தான். முடிய 9 நாள் இருக்கும்போது அவர் போய்விட்டார். இப்போது கிருத்திகைக்குக் குமரகிரிக்குக் கூப்பிட்டால் 'உங்க சாமியை நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க' என்கிறான். 'என் முருகன் கைவிட மாட்டான்டா' என்றால் 'அதான் பாத்தோமே' என்கிறான். பையன் நாத்திகனாகிவிட்டான் என்கிறார் என் அண்ணன். குலதெய்வக் குத்தம் வந்துவிடும் என்கிறார்கள் புகுந்த வீட்டில். அடுத்த மாதம் வருஷ திதி வருகிறது. அவனை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? நான் எங்கே தப்பு செய்தேன்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பென்சிலோடுதான் படித்தேன். குடும்பத் தகராறுகளைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் இது, பெரிய வார்த்தைகளை விட்டுவிட்டுச் சின்ன வார்த்தைகளை வட்டமிடுவேன். உங்கள் கடிதத்தில் மூன்று வட்டம் விழுந்தது: நம்ம முருகன், உங்க சாமி, என் முருகன். நடுவில் இருக்கிற ஒன்றுதான் உங்களைச் சுட்டிருக்கிறது, அதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். மற்ற இரண்டையும் நீங்கள் யோசிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் வேண்டும், ஏனென்றால் அந்த 'உங்க' எங்கிருந்து வந்தது என்பதற்கான பதில் மற்ற இரண்டில்தான் இருக்கிறது.

முதலில் உங்கள் அண்ணன் சொன்னதை முடித்துவிடலாம். உங்கள் மகன் நாத்திகன் இல்லை. நாத்திகம் என்றால் என்ன என்று சேலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறிய 1944 மாநாடு நடந்தது நம் ஊரில்தான். அந்த வழியில் யோசித்து வந்தவர்கள் 'கடவுள் இல்லை' என்று சொல்வார்கள். அதில் என், உன் என்கிற பேச்சே கிடையாது. உங்கள் பையன் சொன்னது 'உங்க சாமி' என்று. இல்லாத ஒன்றை யாரும் உங்களுடையது என்று சொல்ல மாட்டார்கள். வீட்டில் பங்காளிச் சண்டை வந்த பிறகு 'உங்க அண்ணன்', 'உங்க அக்கா' என்று பேச ஆரம்பிக்கிறோமே, அந்த அண்ணன் செத்தா போய்விட்டார்? நேற்றுவரை இவருக்கும் அண்ணன்தான். இன்று பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

(ஒருவேளை நாளைக்கு யோசித்துப் பார்த்து அவன் நாத்திகனாகவே ஆனாலும், அது அவன் முடிவு, அதற்காகவும் நீங்கள் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இப்போது நடப்பது அதில்லை.)

நம் பாஷையில் ஒரு வசதி இருக்கிறது. இந்தியில் 'ஹமாரா' என்றால் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான், ஆங்கிலத்தில் 'our' என்றாலும் அப்படித்தான். தமிழில் எங்கள் வேறு, நம் வேறு. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நம், அவரை வெளியே நிறுத்தினால் எங்கள். உங்கள் பக்கத்து வீடுகளில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் 'மா' ஒன்று, 'மன' ஒன்று. ஆடி மாதம் வந்தால் நம் ஊரில் இதைத் தெருத்தெருவாகக் கேட்கலாம். அம்மாப்பேட்டைக்காரர் 'எங்க மாரியம்மன்' என்பார், செவ்வாய்ப்பேட்டைக்காரர் 'எங்க மாரியம்மன்' என்பார், குகையில் வண்டி வேடிக்கை பார்க்கப் போனால் அங்கேயும் அதே 'எங்க'. அதில் பெருமை இருக்கிறது, கொஞ்சம் வேலியும் இருக்கிறது. அதே ஆட்கள் கோட்டை மாரியம்மன் என்று வந்துவிட்டால் 'நம்ம கோட்டை மாரியம்மன்' என்று தன்னால் மாறிவிடுவார்கள், யாரும் இலக்கணம் பார்த்துப் பேசுவதில்லை, வாய் தானாகவே சொல்லிவிடும். அதனால்தான் இந்தச் சின்னச் சொற்களை நான் நம்புகிறேன். பெரிய வார்த்தைகளை நாம் தேர்ந்தெடுத்துப் பேசுகிறோம், இவை நம்மைக் கேட்காமலே வந்துவிடுகின்றன.

கிறிஸ்தவர்கள் ஜெபத்தில் 'எங்கள் பிதாவே' என்றுதான் சொல்வார்கள், 'நம் பிதாவே' என்று சொல்ல முடியாது. கடவுளிடமே பேசும்போது நம் என்றால் அவரும் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் என்று ஆகிவிடும் இல்லையா. சாமியைப் பார்த்துப் பேசினால் எங்கள், மனிதர்களுக்குள் பேசிக்கொண்டால் நம். 'நம்ம சாமி' என்பது சாமியிடம் பேசுகிற பேச்சே இல்லை, குடும்பத்துக்குள், ஊருக்குள், நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. உங்கள் மகன் அந்த 'நம்ம'வைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறான். வீட்டு அட்ரஸ் மாதிரி, இனிஷியல் மாதிரி அது அவனுக்குக் கிடைத்தது. தப்பில்லை, எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் அது நீங்கள் கொடுத்தது. அவனாகச் சொன்னது இல்லை.

அவனாக ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அதை நீங்கள் போகிற போக்கில் இரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டீர்கள், எனக்கு உங்கள் கடிதத்தின் மையமே அதுதான். யாரும் சொல்லாமல் ஒரு காலேஜ் பையன் 48 நாள் விரதம் ஆரம்பிக்கிறான். வெறுங்காலோடு சேர்வராயன் கோயிலுக்குப் போகிறான். அந்தக் கோயில் உங்களுக்குத் தெரியும், மலை உச்சியில் ஒரு குகை, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மலைக்காரர்களுக்கு அவர் குடும்பத்துப் பெரியவர் மாதிரி, உங்கள் வீட்டுச் சாமிகூடக் கிடையாது. உங்கள் 'நம்ம' பட்டியலில் இல்லாத ஒரு சாமியிடம் அவன் தனியாகப் போய்க் குனிந்து நின்று கேட்டிருக்கிறான். உங்கள் மகன் வாழ்க்கையில் முதல் தடவையாக 'என் சாமி' என்று சொன்ன நாட்கள் அவை. வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டான், உடம்பால் சொல்லியிருக்கிறான்.

39 நாள் இருந்தான். அப்பா போய்விட்டார்.

அவன் கோபத்தை மட்டும்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். எனக்கு அதற்குக் கீழே இன்னொன்றும் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. இந்த மாதிரிப் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், பெரியவர்களையும்தான். 'நான் ஏதோ ஒரு நாள் விரதத்தில் தப்பு பண்ணிட்டேன், அதனாலதான்' என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருப்பார்கள். நண்பர்களோடு எங்கேயோ மறந்து ஒரு முட்டை பப்ஸ் சாப்பிட்டிருப்பான், அல்லது ஒரு நாள் காலையில் குளிக்காமல் போயிருப்பான், அவ்வளவுதான் விஷயம், அதைப் பிடித்துக்கொண்டு அப்பாவைக் கொன்றதே தான்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பான். உங்கள் மகன் அப்படி நினைக்கிறான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, அவனை நான் பார்த்தது இல்லை. ஆனால் அப்படி நினைக்கிற ஒரு பிள்ளைக்கு 'உங்க சாமி' என்று சொல்வது எவ்வளவு பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள். அவர் உங்களுடையவர் என்றால், என்னைக் கைவிட்டதாகவும் ஆகாது, நான் தப்பு செய்ததாகவும் ஆகாது. அதனால்தான் 'குலதெய்வக் குத்தம்' என்கிற பேச்சை அவன் காதில் விழவிடவே விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். புகுந்த வீட்டுப் பெரியவர்களிடம் பணிவாகவே சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் 'என் முருகன்'. இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, கணவரை இழந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, உங்களைத் தாங்கிப் பிடித்திருப்பதே அந்த வார்த்தைதான் என்று தெரிகிறது. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த 'என்' எப்படிப்பட்ட 'என்' என்று மட்டும் பாருங்கள் என்கிறேன். 'என் செருப்பு' என்பதும் என்தான், 'என் அம்மா' என்பதும் என்தான். செருப்பு எனக்குச் சொந்தம், இன்னொருவர் போட்டுக்கொண்டு போனால் சண்டைக்குப் போவேன். அம்மா எனக்குச் சொந்தமா? நான்தான் அம்மாவுக்குச் சொந்தம், தம்பியும் 'என் அம்மா' என்பான், இருவர் சொல்வதும் உண்மை, யாருக்கும் ஒன்றும் குறைவதில்லை. பழைய அடியார்கள் இந்த 'என்'னைத் திருப்பியே போட்டுவிட்டார்கள். 'உனக்கே நாம் ஆட்செய்வோம்' என்றுதான் ஆண்டாள் பாடினாள், நீ எனக்கு என்று நிறுத்திக்கொள்ளவில்லை. மார்கழியில் நாம் எல்லோரும் பாடுவதுதான், அந்த 'உனக்கே'யைக் கவனிக்காமல் பாடிவிடுகிறோம்.

'என் முருகன் கைவிட மாட்டான்' என்று நீங்கள் சொல்லும்போது அவன் காதில் எந்த 'என்' விழுகிறது? அவனுடைய விரதத்தைக் கேட்காத சாமி உங்களோடு மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் விழுகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் 'எல்லாம் அவன் செயல், என் முருகன் எது செய்தாலும் நல்லதுக்குத்தான்' என்கிற மாதிரி ஏதாவது சொன்னீர்களா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்ட பையனுக்கு, அப்பா செத்தது நல்லதுக்கு என்று அம்மாவே சொன்ன மாதிரி இருந்திருக்கும். நீங்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கு அது யாராவது சொன்னால்தான் தெரியும்.

எங்கே தப்பு செய்தேன் என்று கேட்டிருந்தீர்கள். இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உங்களைத் தாங்கிய வார்த்தை அவனை வெளியே நிறுத்திவிட்டது, அதுதான் நடந்தது.

கோபத்தைப் பற்றி ஒன்று. சாமியிடம் கோபப்பட்டால் பக்தி போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சுந்தரர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கிளம்பியதால் இரண்டு கண்ணும் போய், காஞ்சிபுரத்தில் ஒன்று திரும்பக் கிடைத்து, மற்றதற்காகத் திருவாரூரில் போய் நின்றார். அங்கே பாடிய பதிகம் 'மீளா அடிமை உமக்கே ஆளாய்' என்றுதான் ஆரம்பிக்கிறது. உமக்கே ஆளாக இருக்கிறவர்கள் கஷ்டத்தைச் சொன்னால் நீர் பேசாமல் இருக்கிறீர் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் 'வாழ்ந்து போதீரே' என்கிறார். நல்லா இருந்துட்டுப் போங்க என்று நாம் வயிறெரிந்து சொல்வோமே, அதுதான். அதைக் கோயிலில் இன்றும் ஓதுகிறார்கள். உங்கள் மகன் சொன்ன 'அதான் பாத்தோமே'வும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. இன்னொன்றும் பாருங்கள், அவன் 'பாத்தேனே' என்று சொல்லவில்லை, 'பாத்தோமே' என்கிறான். உங்களையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறான். சாமியில் உங்களைப் பிரித்தவன் துக்கத்தில் பிரிக்கவில்லை.

கிறிஸ்தவ வேதத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு, ஒரு தம்பதியிடம் பேசும்போது அவர்கள்தான் எனக்குக் காட்டினார்கள். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டபோது கடவுள் மோசேயிடம் 'உன் ஜனங்கள்' கெட்டுப்போனார்கள் என்கிறார், மோசே திருப்பி 'உம்முடைய ஜனங்கள்' என்கிறார். பிள்ளை மார்க் குறைந்தால் 'உன் பையன் பண்ணதைப் பாரு' என்று நம் வீட்டில் அப்பாவும் அம்மாவும் தள்ளிவிட்டுக்கொள்கிற மாதிரியேதான். எத்தனை தள்ளினாலும் பிள்ளை அந்த இரண்டு பேருக்கும்தான்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் வளர்ந்தது ஏற்காட்டில், அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு 14 வயதில் தம்பி காய்ச்சலில் போய்விட்டான், அந்த இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் விளக்கு முன்னால் நிற்கவே மாட்டேன் என்று இருந்தேன், மூன்று வருடம். அப்பா திட்டினார், அத்தைகள் புத்தி சொன்னார்கள். பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரியும் இல்லாமல் கேட்காத மாதிரியும் இல்லாமல், 'எம்பட சாமி, அந்தப் புள்ளையையும் பாத்துக்க' என்பார். அவ்வளவுதான். 'நம்ம சாமி, வந்து கும்புடு' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எம்பட என்று தன்னுடையதாக மட்டும் வைத்துக்கொண்டார், அதே நேரம் என்னை அந்த வேண்டுதலில் இருந்து வெளியே விடவும் இல்லை. நான் பிறகு திரும்பி வந்தேனா என்றால், வந்தேன், ஆனால் பாட்டியின் சாமியிடம் இல்லை. இன்றுவரை எனக்கு அவர் வெறும் 'சாமி'தான், முன்னால் ஒரு சொல்லும் வராது. எனக்கு அது போதுமாக இருக்கிறது.

அதனால் 'எப்படித் திரும்பக் கொண்டுவருவது' என்கிற கேள்வியை இப்போதைக்குக் கீழே வைத்துவிடுங்கள். 'நம்ம சாமி'யைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், 'என் சாமி'யைக் கொடுக்க முடியாது, வாங்கித் தரவும் முடியாது. திதிக்கு அவன் செய்ய வேண்டியது என்று சில இருக்கும், அதை 'உங்க அப்பாவுக்காக' என்று கேளுங்கள், 'சாமிக்காக' என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் செய்வான். அதுவும் முடியாது என்றால் அவனே அப்பாவுக்காக என்ன செய்ய நினைக்கிறான் என்று கேட்டுவிட்டு, அவர் டயாலிசிஸ் செய்துகொண்ட இடத்தில் கூட இருப்பவர்களுக்கு ஒரு வேளை சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறேன் என்றாலும் சரி, சும்மா இருக்கிறேன் என்றாலும் சரி, ஒத்துக்கொள்ளுங்கள். குமரகிரிக்கு நீங்கள் போய் வாருங்கள், போவதை நிறுத்த வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். விபூதியை அவன் நெற்றியில் பூச வராதீர்கள், பூஜை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இதையும் கவனியுங்கள். தூக்கம், சாப்பாடு எப்படி இருக்கிறது, காலேஜுக்கு ஒழுங்காகப் போகிறானா, பழைய நண்பர்களோடு பேசுகிறானா என்று பாருங்கள். ராத்திரி முழுக்க விழித்திருப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் அறைக்குள்ளேயே இருப்பது, இருந்து என்ன பிரயோஜனம் என்கிற பேச்சு, இதெல்லாம் வந்தால் சாமி விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. டெலிமானஸ் என்கிற மனநல உதவி மையத்தின் 14416 எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது என்று ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் ராத்திரி, சாப்பிட்டு முடித்த பிறகு, டிவி இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த விரதத்தைப் பற்றிக் கேளுங்கள். 'ஏன் உங்க சாமின்னு சொல்ற' என்று ஆரம்பிக்காதீர்கள். 'நீ விரதம் இருந்தப்ப நான் உன்னைக் கவனிக்கவே இல்லடா, அப்பாவைப் பாக்கறதுலயே போயிடுச்சு, என்னென்ன பண்ணுன, சொல்லு' என்று கேளுங்கள். யாரோடு மலைக்குப் போனான், கால் வலித்ததா, குகைக்குள் என்ன கேட்டான். அவர் போன அன்றைக்கு அவன் விரதம் என்ன ஆனது என்றும் கேளுங்கள். அழுதான் என்றால் அழட்டும், நடுவில் முருகனைக் கொண்டுவராதீர்கள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்த அந்த நாளில் அந்தப் பையன் என்ன சாப்பிட்டான், யார் அவனுக்குப் போட்டார்கள் என்றுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அதிலிருந்து ஆரம்பியுங்கள். அவன் என்ன சொன்னான் என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.